சாவிக்கு முன் குற்றி

கரடியனாற்றில் எங்களுக்கு வயலும் பழைய உழவு இயந்திரம் ஒன்றும் இருக்கின்றன. வயல் வட்டையில் சேற்றுழவு முடிந்தால் என் கணவர் இயந்திரத்தை வாய்க்காலுக்குள் இறக்கி, லிப்டால் கலப்பையை உயர்த்தி, அதன் கீழே குந்தியிருந்து சேறு கழுவுவார். இங்கே பலரும் அப்படித்தான்.

இந்தப் போகத்தில் லிப்ட் பழுதாகி, தூக்கிய கலப்பை தானாக இறங்கத் தொடங்கியது. அவர் இயந்திரத்தை முற்றத்தில் நிறுத்தி, கலப்பையைத் தூக்கிவிட்டு, பழுது பார்க்கப் பழக்கதோசத்தில் அதன் கீழேயே படுத்துவிட்டார்.

"இறங்கிற கலப்பைக்குக் கீழ போய்ப் படுக்கிறீங்களே!" என்றேன்.

"எஞ்சினை நிப்பாட்டிட்டன். இனி என்னெண்டு இறங்கும்? அந்த நட்டுக் கழட்டுற சாவியை எடுத்துத் தா."

எனக்குக் கோபம் வந்தது. "வேணுமெண்டா நீங்களே எழும்பி எடுங்க. நான் தரமாட்டன்."

முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்து சாவியை எடுத்தார். அவர் திரும்புவதற்குள் கலப்பை தடாலென்று நிலத்தில் குத்தியது. சற்று முன் அவருடைய நெஞ்சு இருந்த இடம் அது.

திருத்த வந்தவர் லிப்டின் எண்ணெயைத் திறந்துவிட்டார். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது.

"வாய்க்கால் தண்ணி உள்ள போய், எண்ணெயை அடைக்கிற சீலும் போயிட்டு. கலப்பையைத் தாங்கிறது இந்த எண்ணெய்தான், எஞ்சின் இல்ல" என்றார்.

இப்போது இயந்திரத்தைக் கரையில் வைத்துத்தான் கழுவுகிறோம். லிப்டும் நன்றாக வேலை செய்கிறது. ஆனாலும் அன்று அவரைக் காப்பாற்றியது என் கவனமல்ல, வெறும் கோபம் என்பது மனதை உறுத்துகிறது. எல்லா நாளும் நான் கோபித்துக்கொண்டிருக்க முடியாதே.

அதனால் அவர் சாவி கேட்டால் மறுக்காமல் எடுத்துக் கொடுக்கிறேன். அதற்கு முன் கலப்பைக்குக் கீழே கனமான மரக்குற்றி ஒன்றை வைத்துவிடுகிறேன்.