ஆம்ஸ்டர்டாம் ஹோட்டலில் எங்கள் சாயத் துணி

திரைச்சீலையைப் பார்த்து ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் இருவர்தான் இருப்போம். நானும் என் நைனாவும்.

நைனாவுக்கு ராயபுரத்தில் துணிக் கிடங்கு, திருவொற்றியூரில் சாயப் பட்டறை. அங்கே சாயம் தோய்த்த நூலில், கைத்தறியில் கட்டம் கட்டமாக நெய்த சதுரத் துணிகள் கப்பலேறி ஹாலந்துக்குப் போகும். அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு. அந்த ஊர்ப் பெண்கள் வாங்குவதற்கு முன்னால் துணியை மூக்கில் வைத்து முகர்வார்களாம். நீலமும் எண்ணெயும் மஞ்சளும் கலந்த அந்த வாசனை அடித்தால்தான் அசல். இல்லையென்றால் மில் துணி என்று தள்ளிவிடுவார்கள்.

சென்ற வருஷம் மில்காரர்கள் அதே கட்டத்தில், அதே நிறத்தில் துணி இறக்கிவிட்டார்கள். எங்கள் சரக்கை வாங்கும் ஆம்ஸ்டர்டாம் வியாபாரிக்கு எங்கள் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நேரில் கொண்டுவந்து காட்டினால்தான் இனிமேல் வாங்குவேன் என்று சொல்லி அனுப்பினார். அவர் கைவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

"நானே போறேன்" என்றார் நைனா. பிறகு என்னைப் பார்த்தார். "இங்கிலீசுக்கு நீ கீறயே, வா."

நான் இண்டர் முடித்து, டைப்பும் கற்றுக்கொண்டு, வீட்டில் மாப்பிள்ளை பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். வா என்ற சொல் காதில் விழுந்ததுமே பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டேன்.

அம்மாதான் குதித்தாள். "வயசுப் பொண்ண கப்பல்ல ஏத்திகினு போறாராம். ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். உனக்கு இங்கிலீசு வருமா?"

"எனக்குத் தமிழே போதும், உன்னத் திட்டறதுக்கு."

துறைமுகத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு மேஸ்திரி தெருவிலிருந்தே குரல் கொடுத்தார். "இன்னா நைனா, வெள்ளக்காரன் ஊர வுட்டுப் போய்ட்டான்னு அங்க போய் புடிச்சிகினு வரப்போறியா?"

கப்பல் ஏஜெண்டு ஆபீசில் ஹாலந்து ஹோட்டல்களின் படப் புத்தகங்கள் கொடுத்தார்கள். கிடங்கில் துணிப் பொதிகளின் மேல் அவற்றைப் பரப்பினோம். எனக்கு வேண்டியதெல்லாம் லிப்ட், குழாயில் வெந்நீர், கால்வாயைப் பார்த்த ஜன்னல். நைனா மடியிலிருந்து இழை எண்ணும் கண்ணாடியை எடுத்து ஒரு படத்தின் மேல் வைத்துக் குனிந்தார்.

"இன்னாடி இது, ஒரே புள்ளியா கீது?"

"அது அச்சு, நைனா. படத்துல நூலா தெரியும்?"

கண்ணாடியை மடியில் போட்டுக்கொண்டு, புத்தகத்தைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். உயரமான ஜன்னல், தரை வரைக்கும் திரை. "இத பார், எப்டி வுழுது பார். கஞ்சி போட்டு நிறுத்தின துணி இல்ல. சுத்தமான லினன். இங்க எறங்கலாம்."

"ரொம்பப் பெரிய இடம் நைனா."

"நாம எறங்கற எடத்துக்குத்தான அவன் வந்து துணிய பாப்பான்? சத்திரத்துல ஒக்காந்துகினு காட்டினா சத்திரத்துத் துணின்னுதான் நெனப்பான்."

அந்த ஜன்னலுக்கு வெளியே கால்வாய் தெரிந்தது. நான் மேற்கொண்டு வாதாடவில்லை.

எத்தனையோ கடல் தாண்டி அந்த வாசலில் போய் நின்றபோது எனக்கு முதலில் உறைத்தது அதன் அமைதி. கூடத்தில் அவ்வளவு பேர் இருக்கிறார்கள். ஒரு செருப்புச் சத்தம் இல்லை. கம்பளம் எல்லாக் காலடியையும் விழுங்கிவிடுகிறது. மேலே கண்ணாடிச் சரவிளக்கு. லிப்டுக்குள் வெல்வெட் போர்த்திய பெஞ்சு. நைனா அதில் உட்கார்ந்து, "ஒக்காந்துகினே மாடி ஏறலாமாடி!" என்றார். இறங்க அவருக்கு மனசே வரவில்லை.

அறையோ வெள்ளை. சுவர் வெள்ளை, படுக்கை வெள்ளை, நாற்காலி உறைகூட வெள்ளை. குழாயைத் திருகினால் ஆவி பறக்கும் தண்ணீர். ஜன்னலடியில் ஓர் இரும்புக் கூடு, நெருப்பில்லாமலே சூடு விடுகிறது. வெளியே கால்வாயில் ஒரு படகு நிறையப் பூ போகிறது. நான் ஜன்னலில் ஒட்டிக்கொண்டேன். நைனா நேரே திரைச்சீலைக்குப் போனார், கண்ணாடியை வைத்து எண்ணினார், வாய்விட்டுச் சிரித்தார். "நான் சொல்லலே?"

கம்பளம் அழுக்காகுமே என்று செருப்பை வாசலுக்கு வெளியே விட்டோம். காலையில் பார்த்தால் இரண்டு ஜோடியும் பாலிஷ் போட்டு முகம் பார்க்கிற மாதிரி மின்னுகிறது. என் ரப்பர் வார்ச் செருப்பைக்கூட விடவில்லை! அந்த ஊரில் வாசலில் செருப்பை விட்டால் பாலிஷ் போடச் சொல்வதாக அர்த்தமாம். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்க நைனாவுக்குக் கூச்சமாக இருந்தது.

படுக்கை விஷயம் வேறு. நைனா தலையில் எண்ணெய் தளும்பும். எனக்கும் இரட்டைப் பின்னலில் குறைவில்லை. "இந்த வெள்ளையில தல வெச்சா மானம் பூடும்" என்றார். எங்கள் துண்டுகள் பெரிய பெட்டியில். பெட்டி இன்னும் துறைமுகத்தில். கையோடு கொண்டுவந்த தோல்பெட்டியில் மாதிரித் துணிகள் மட்டும் இருந்தன. கடல் ஈரத்தில் அவையும் நமுத்திருந்தன. காய்ந்த மாதிரியும் ஆச்சு, வெள்ளையைக் காப்பாற்றின மாதிரியும் ஆச்சு என்று தலையணை, நாற்காலி, சோபா எல்லாவற்றின் மேலும் அவற்றை விரித்தோம். இரும்புக் கூட்டின் சூட்டில் வாசனை கிளம்பி, அறை முழுக்கத் திருவொற்றியூர்ப் பட்டறை மாதிரி ஆகிவிட்டது. நிம்மதியாகத் தூங்கினோம்.

காலைச் சாப்பாட்டில் இன்னோர் அதிசயம். கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் வெண்ணெய் தடவிய ரொட்டியின் மேல் சாக்லேட் தூளைக் கொட்டிக்கொண்டு கம்பீரமாகச் சாப்பிட்டார்கள். நானும் கொட்டிக்கொண்டேன். நைனா பக்கத்து மேஜைக்குத் தெரியாமல் என் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டார். பிறகு கால்வாயோரமாக நடந்து பாலம் பாலமாகப் பார்த்துவிட்டு, மத்தியானம் அறைக்குத் திரும்பினோம்.

ஒரு துணியைக்கூடக் காணோம். நடுப் படுக்கையில் மெல்லிய காகிதத்தில் ஒரு பொட்டலம். பிரித்தால் எங்கள் மாதிரிகள். அலசி, இஸ்திரி போட்டு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்திருந்தார்கள். ஒன்றை எடுத்து முகர்ந்தேன். பூ வாசனைச் சோப்பு. இன்னொன்று. அதுவும் சோப்பு. நாற்காலியில் கிடந்ததால் அழுக்குத் துணி என்று எண்ணி, மரியாதையாகச் சலவை செய்து தந்துவிட்டார்கள்.

நைனா கட்டிலில் உட்காரவில்லை, கீழே கம்பளத்தில் உட்கார்ந்தார். "பேஜாராப் பூட்ச்சே" என்றார்.

சாயங்காலம் வியாபாரி வந்தார். மாலுமி மாதிரிக் கனத்த ஆள், நல்ல இங்கிலீஷ். சரவிளக்கின் கீழே உட்கார்ந்து ஒரு துணியை மூக்கருகே கொண்டுபோனார். எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார்.

"இது குளியலறை வாசனை" என்றார்.

நான் நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். எண்ணெய்த் தலையைக்கூட விடவில்லை. அவர் முகம் அசையவில்லை. "எல்லா மில்காரர்களிடமும் ஒரு கதை இருக்கிறது, மிஸ்" என்றார்.

"இன்னா சொல்றான்?" என்றார் நைனா.

அந்த நேரம் பார்த்துக் கறுப்பு உடுப்புப் போட்ட ஓர் அம்மாள் வந்து எங்கள் முன் நின்றாள். ஹோட்டலின் துணிமணி எல்லாம் அவள் பொறுப்பு. கைகளைக் கோத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டாள். எங்கள் துணிகளைச் சோப்புப் போடுமுன் வெந்நீரில் ஊற வைத்தார்களாம், சாயம் இறங்கிவிட்டதாம், கூடக் கிடந்த தலையணை உறைகள் எல்லாம் கெட்டுவிட்டனவாம். அவை போகட்டும், எங்கள் அருமையான துணிக்குச் செய்த சேதத்துக்கு ஹோட்டல் ரொம்ப வருந்துகிறதாம்.

வியாபாரி எழுந்துவிட்டார். அவளிடம் அவர்கள் பாஷையில் எதையோ படபடவென்று கேட்டார். அவள் தலையாட்டினாள். "அந்தத் தொட்டியை இன்னும் காலி செய்யவில்லையாம். வாருங்கள்" என்றார் என்னிடம்.

பின்வாசல் படியில் இறங்கினோம். படப் புத்தகத்தில் இந்த இடம் இல்லை. வளைந்த கூரையின் கீழே ஆள் உயரச் செம்புக் கொப்பரைகள், ஆவி, முழங்கைவரை சிவந்த பெண்கள், மலை மலையாக வெள்ளைத் துணி. மேலே நாங்கள் பார்த்துப் பிரமித்த அத்தனை வெண்மையும் இங்கிருந்துதான் ஏறிப் போயிருக்கிறது. ஈரத் தரையில் என் பாலிஷ் செருப்பு வழுக்கியது. நான் நடக்கவே மறந்துபோய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நைனா எங்கள் பட்டறைக்குள் நுழைகிற மாதிரி வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டார்.

ஓரத்துத் தொட்டியில் தண்ணீர் கருநீலமாக நின்றது, விளிம்பில் செம்பு நிறம். அதில் பாதி முங்கி ஹோட்டலின் தலையணை உறைகள். கொப்பரைகளின் சூட்டில் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. எட்ட நின்றபோதே எனக்கு அந்த வாசனை தட்டியது. நீலம், எண்ணெய், மஞ்சள். துணியை விட்டுப் போனதெல்லாம் இந்தத் தண்ணீரில் இருந்தது.

வியாபாரி கோட்டைக் கழற்றி அந்த அம்மாளிடம் கொடுத்தார். குனிந்து, முகம் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குப் போய், மூச்சை இழுத்தார். நிமிரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு சட்டைக் கையை மடித்து உள்ளே விட்டுக் கலக்கினார். வெளியே எடுத்தபோது கை மணிக்கட்டுவரை நீலம்.

அந்தக் கையை அப்படியே நைனாவிடம் நீட்டினார். நைனா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"போன வருஷம் அனுப்பினதைப் போல இரண்டு மடங்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்" என்றார் வியாபாரி.

கேட்டேன்.

நைனா பிடித்த கையை விடவில்லை. "முடியும்னு சொல்லு. எந்தக் கப்பல்ல ஏத்தறதுன்னு இப்பவே கேளு. அப்பறம் இந்த அம்மாகிட்ட சொல்லு, துணிக்கு ஒரு சேதமும் இல்ல, அந்தச் சாயம் அப்டித்தான் எறங்கும். ஆனா அந்த ஒறைங்க வெளுக்காதுன்னு சொல்லிடு, பாவம், தேச்சிகினே கெடக்கப் போவுது."