ஏழாம் நம்பர் மலையின் தேவகி

இங்கிலாந்தில், லீட்ஸில், எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஆனாலும் அவர்களுக்குப் பயந்தே வாழ்ந்தேன். மிக்ஸியைப் போடுமுன் அடியில் துவாயை மடித்து வைப்பேன். மகள் ஓடினால் "மெதுவா" என்பேன். சிரித்தாலும் "மெதுவா" என்பேன். ஒருநாள் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போகையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னை நிறுத்தினார். நீங்கள் இருப்பதே எங்களுக்குத் தெரிவதில்லை, ஒரு சத்தமும் கேட்பதில்லை என்றார். நான் கலங்கிப்போனேன். இத்தனை நாளாகியும் எட்டிப் பார்த்து நலம் விசாரிக்கவில்லையே என்று குறைப்படுகிறார் என்று எண்ணினேன். அன்று மாலையே உளுந்து வடை சுட்டு எடுத்துப்போய், இனிமேல் அடிக்கடி வருகிறோம் என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் வடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வேலை முடிந்து வந்த கணவர் இதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "அது பாராட்டும்மா. இங்க சத்தமில்லாம இருக்கிறதுதான் நல்ல பழக்கம்."

பாராட்டு என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் கவலை கூடியது. என் மகள் நர்சரியிலும் அப்படித்தான் இருக்கிறாள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கேட்டால் காதோடு பதில் சொல்கிறாள், பாட்டு நேரத்தில் உதடு மட்டும் அசைகிறது என்றார். அவள் குரலை நானே "மெதுவா, மெதுவா" என்று அமுக்கிவிட்டேனோ? அல்லது பிள்ளையின் சுபாவமே அதுதானோ? நான் எதையும் இப்படித்தான் யோசிப்பேன். ஒரு முடிவுக்கு வரமாட்டேன்.

நான் வளர்ந்த இடத்தில் சத்தத்துக்குச் சுவரே கிடையாது. இலங்கையில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையில், கடைசிக் காம்பரா எங்களுடையது. முதல் காம்பராவில் கடுகு வெடித்தால் எங்கள் வீட்டில் பசிக்கும். ஆனால் எனக்குப் பிடித்த சத்தம் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அடுத்த தோட்டத்துப் பையன்கள் சிலர் ஏழாம் நம்பர் மலையில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில், வேலை முடிந்த பிறகு கூடிப் பாடிப் பழகினார்கள். அங்கே பக்கத்தில் லயம் இல்லாததால் யாரும் ஏச வரமாட்டார்கள். அதனாலேயே குழுவுக்கு 'ஏழாம் நம்பர்' என்று பெயராயிற்று. திருவிழாக் காலத்தில் சவுக்கு மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அவர்கள் பாட்டுக் கேட்கும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பாட்டு வரும், திரும்பினால் பாதியில் போய்விடும். அதில் ஒரு பெண் குரல் இருந்தது. "அடுத்து, உங்கள் அபிமானப் பாடகி தேவகி" என்று அறிவிப்பாளர் சொன்னதும் நான் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொள்வேன்.

போய்ப் பார்க்க முடியாது. அப்பா தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியர். மாஸ்டர் வீட்டுப் பெண் அந்தக் கூட்டத்தில் நிற்கக் கூடாது என்று ஒரு முறைதான் சொன்னார். நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. தம்பி மட்டும் போவான். தேவகி எப்படி இருப்பார் என்று அவனிடம்கூட நான் கேட்டதில்லை. மஞ்சள் தாவணி, நீளப் பின்னல், நெற்றியில் சின்னப் பொட்டு என்று நானே முடிவு செய்துவிட்டேன். லீட்ஸ் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்ததும் வேறு பெயரே தோன்றவில்லை. போனில் சொன்னபோது அப்பா, "கிருஷ்ணனப் பெத்த தாயோட பேரு. நல்ல பேரும்மா" என்றார். நான் திருத்தவில்லை. மகளுக்குத் தூங்கும் நேரத்தில் பெரிய தேவகியின் கதையைச் சொல்லி வளர்த்தேன். மலைமேல் நின்று பாடுகிற, அடுத்த மலைக்கும் கேட்கிற தேவகி.

இந்த வருடம் ஊருக்குப் போக டிக்கெட் போட்டதும் குழுவின் முகநூல் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். படத்தில் ஆண்கள் மட்டும் நின்றார்கள். தேவகி அக்கா இப்போதும் பாடுகிறாரா என்று எழுதிக் கேட்டேன். உடனே பதில் வந்தது: "அக்கா இல்லாம ஏழாம் நம்பரா? கட்டாயம் வாங்க." மகளிடம் அந்தப் பதிலைப் படித்துக் காட்டினேன். பெரிய தேவகியோடு நீயும் பாடுவாயா என்று கேட்டேன். சரி என்று தலையை ஆட்டினாள். பெயருக்குரியவரை நேரில் பார்த்தால் இவளும் ஒருமுறை வாய்விட்டுப் பாடிவிடுவாள் என்று நான் நம்பினேன். பிள்ளைக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கக் கூடாதோ என்றும் விமானம் முழுக்க யோசித்தேன்.

தேர் முடிந்த மறுநாள், பிற்பகலில், அந்தத் தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் நிகழ்ச்சி. தம்பி த்ரீவீலரில் கூட்டிப்போனான். ஓய்வுபெற்றுவிட்ட அப்பாவும் "நானும் வர்றேன்" என்று ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஏறியதில் எங்களுக்கு ஆச்சரியம். மைதானத்துக்குக் கீழே நீர்த்தேக்கம் பாதி மூடுபனியில் இருந்தது. மகளின் காதில் பஞ்சு வைத்தேன். பாட்டுக் கேட்க வந்துவிட்டுப் பஞ்சா என்று எடுத்தேன். முதல் ஸ்பீக்கர் முழங்கியதும் மறுபடி வைத்தேன்.

மூன்றாம் பாட்டுக்கு அறிவிப்பாளர், "அடுத்து, உங்கள் அபிமானப் பாடகி" என்று இழுத்தார். சனம் "தேவகி" என்று முடித்தது. மேடை ஏறியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள். தடித்த உடம்பு, கத்தை மீசை. மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடினார். என் ஜன்னலுக்கு வந்த அதே குரல் அந்த மீசைக்குக் கீழிருந்து வந்தது.

நான் தம்பியின் கையைப் பிடித்தேன். "யாரு இது?"

"செல்வம் அண்ணன். கொழுந்து லொறி ஓட்டுறவரு." என் முகத்தைப் பார்த்தவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அக்கா, நெசமாவே ஒனக்குத் தெரியாதா? தோட்டத்துக் கோழிக்குக்கூடத் தெரியுமே."

"எனக்கும் தெரியாதுப்பா" என்றார் அப்பா, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பி எங்கள் இருவரையும் பார்த்தான். "ஜன்னலுக்கு உள்ளாரயே நின்னு கேட்டா மீச எப்புடித் தெரியும்?"

அப்பாவும் கேட்டிருக்கிறார். அந்த வீட்டில் இரண்டு ஜன்னல்கள். இன்னொன்றில் யார் நின்றார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஆனால் அதை நினைக்கவும் நேரமில்லை. மகள் என் காதோரம் கேட்டாள்: "அம்மா, பிக் தேவகி எப்ப வருவாங்க?" கூட்டம் சிரித்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஒருவர் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? குளிர் என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

இடைவேளையில் தம்பி எங்களை மேடைக்குப் பின்னால் கூட்டிப்போனான். செல்வம் அண்ணன் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். "சார் மகளா? வாங்க, வாங்க. லண்டன்லயிருந்து எழுதுனது நீங்கதானா?" வெளிநாடென்றாலே எங்கள் பக்கத்தில் லண்டன்தான். மகள் அவரை அண்ணாந்து பார்த்து, மெல்ல, "ஆர் யூ தேவகி?" என்றாள்.

அவர் கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்தார். "ஆமா பாப்பா, நாந்தான்" என்று அந்தப் பெண் குரலில் சொன்னார். பிறகு தன் கட்டைக் குரலில், "மீசயப் பாத்துப் பயந்துட்டியா?" என்றார். மகள் சிரித்தாள். நான் "மெதுவா" என்று சொல்லப் போய் நிறுத்திக்கொண்டேன். "நோ. நான்தான் தேவகி" என்றாள் அவள்.

நான் பெயர் வைத்த கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், அவர் சிரிக்கவில்லை.

"தேவகின்னு ஒரு புள்ள இருந்துச்சுங்க. எங்ககூட மடுவத்துலதான் பழகுச்சு. இது என்ன குரலு, அது பாடுனா மலையே திரும்பிப் பாக்கும். மொத நிகழ்ச்சியன்னைக்கு வீட்டுல விடல. பொம்பளப் புள்ள மேடையில நிக்கிறதான்னு சொல்லிட்டாங்க. இங்க மைக்குல பேரச் சொல்லியாச்சு. சனம் கைதட்டிக்கிட்டே இருக்கு. நான் ஏறி அது பாடுற மாதிரியே பாடிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்பறம் பேர மாத்த மனசு வரல."

"இப்ப எங்க இருக்காங்க?"

"ஜோர்தான்ல. கார்மெண்ட்ஸ் வேல. லீவுல வந்தா கடைசியில, தேயிலை ஓரமா நின்னு கேக்கும். மேடைக்குக் கூப்புட்டா வராது. 'எம் பேரு இங்கயே பாடிக்கிட்டு இருக்கே, அது போதும்'னு சொல்லும்."

எங்களுக்குப் பின்னால் அப்பா நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவர் தொண்டையைச் செருமினார். செல்வம் அண்ணன் மகளிடம், "நீ ஒரு பாட்டுப் பாடுறியா? இந்தப் பேருல ஒரு பொண்ணு இன்னும் மேடையேறல" என்றார். நான் வழக்கம்போல யோசித்தேன். ஏறி நின்று அழுதால்? அதன் பிறகு வாயே திறக்காமல் போனால்? "பழக்கமில்லைங்க, சின்னப் பிள்ளை" என்று தொடங்கினேன்.

"ஏறட்டும்மா" என்றார் அப்பா. "சனம் கடிச்சிரவா போகுது."

மகள் என் முகத்தைப் பார்க்காமலே செல்வம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு படியேறிவிட்டாள். நான் கீழே ஓரமாக நின்றேன். அறிவிப்பாளர் வழக்கமான வார்த்தைகளைச் சொன்னார், சனம் வழக்கம்போல் பெயரை முடித்தது. காலில் சிவப்புச் சப்பாத்தும் தலையில் கம்பளித் தொப்பியுமாக ஒரு சிறுமி மைக் முன்னால் நிற்பதைக் கண்டு மைதானம் அடங்கியது. உதடு மட்டும் அசைந்துவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்தேன்.

சத்தம் வந்தது. எதிர் மலையில் பட்டுத் திரும்பும் அளவுக்குச் சத்தம். அவள் பாடியது நர்சரியில் சொல்லிக்கொடுத்த, பஸ்ஸில் போகும் ஆட்டுக்குட்டியைப் பற்றிய ஆங்கிலப் பாட்டு. யாருக்கும் அது தெரியாது. தப்படிக்கும் பையன் முதல் வரியில் தாளம் பிடிபடாமல் தடுமாறினான். அந்த ஒரு வரி முழுக்க என் மகளின் பாட்டு ஒரு நாட்டிலும் தப்பின் தாளம் இன்னொரு நாட்டிலும் இருந்தன. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். இரண்டாம் வரியில் வந்து சேர்ந்துகொண்டான். பெண்கள் கைதட்டத் தொடங்கினார்கள். எந்தத் தாளத்துக்கு என்று தெரியாமல் நானும் தட்டினேன்.