சுடாத கை

டீச்சர் வீட்டுக்கு வருகிறார் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளை ஏதோ செய்துவிட்டது. அதனால்தான் ஒருநாள் மதியம் எங்கள் டீச்சர், "சாயங்காலம் உங்க வீட்டுக்கு வரேன், அம்மாகிட்ட பேசணும்" என்று சொன்னபோது காலையிலிருந்து செய்த தப்பையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். இத்தனைக்கும் நான் செய்ததெல்லாம் வகுப்பில் எழுந்து நின்று அம்மாவைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சொன்னதுதான்.

வடக்கனந்தலைத் தாண்டி, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் எங்கள் பள்ளிக்கூடம். அன்று ஐந்தாம் வகுப்பில் புலன் உறுப்புகள் பாடம். டீச்சர் சும்மா புத்தகத்தை வாசித்துவிட்டுப் போகிறவர் அல்ல. கண்ணை மூடச் சொல்லி ஒருத்தி நாக்கில் உப்பை வைத்தார், ஒருவன் மூக்கருகே வெங்காயத்தை நீட்டினார். காதில் குச்சி விடாதே, அழுக்குத் துணியால் கண்ணைத் துடைக்காதே என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்திமதி வேறு. கடைசியில் தோல். கோழி இறகு ஒன்றை எடுத்து, கண்ணை மூடியிருந்தவர்களின் கையில் மெல்லத் தொட்டு, எங்கே தொட்டேன் சொல் என்றார். வகுப்பே நெளிந்து சிரித்தது. தோல்தான் நமக்குக் காவல், சூடு பட்டால் உடனே கையை எடு என்று அதுதான் சொல்கிறது என்றார்.

நான் எழுந்து, "எங்கம்மாவுக்குச் சுடவே சுடாது டீச்சர்" என்றேன்.

பொய் இல்லை. அம்மா பெரிய வீடுகளில் கூலிக்கு நெல் அவிப்பாள். ஆவி பறக்க இறக்கிய நெல்லை மற்றவர்கள் முறத்தால் அள்ளும்போது அம்மா இடது கையாலேயே தள்ளிவிடுவாள். இரும்புக்கைக்காரி என்று பேர் வாங்கியிருந்தாள். அதற்காகவே அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கொப்புளம் வராதா என்று டீச்சர் கேட்டார். வரும் டீச்சர், ஆனால் வலிக்காது என்று நான் இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். இறகை மேசைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

மதியம் தனியாகக் கூப்பிட்டு என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகைப் பார்த்தார், காது மடலைத் தொட்டுப் பார்த்தார். அழுக்கைத் தேடுகிறார் என்று நினைத்து, குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்று சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.

மணி அடித்ததும் ஓட்டமாக ஓடினேன். நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அடி கொஞ்சம் கம்மியாக விழும் என்பது என் கணக்கு. அம்மா வாசலில் சுள்ளி உடைத்துக்கொண்டிருந்தாள். நான் வகுப்பில் சொன்னதைக் கேட்டு டீச்சர் வீட்டுக்கு வருகிறார் என்றேன்.

"டீச்சராண்ட இன்னாடி சொன்ன?"

சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. கையிலிருந்த சுள்ளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாம்பைக் கண்டால்கூட முதலில் தடியைத் தேடுகிறவள் அம்மா. அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. அம்மாவே பயப்படுகிறாள் என்றால் வரப்போவது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைத்து அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

அம்மாவின் இடது மணிக்கட்டில் வெளுப்பாக ஒரு தேமல் உண்டு. அதன்மேல் முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். "இத மறைச்சிக்கினுதான் வேலைக்குப் போய்க்கினு கீறேன். டீச்சர் கேட்டா, வெளாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லு. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கரையாண்ட கொண்டுபோய் வுட்டுடுவாங்க."

கரை என்றால் ஏரிக்கரை. அங்கே ஒரு குடிசையில் பெருநோய்க்காரர் ஒருவர் தனியாக இருந்தார். அவருடைய மகளே தூரத்தில் சோற்றை வைத்து, குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அவர் விரல்களைப் பார்த்துவிட்டு நாங்கள் அலறி ஓடிவந்திருக்கிறோம். விரல்களெல்லாம் முழுசாக இருக்கிற அம்மாவை எதற்கு அங்கே கொண்டுபோய் விடவேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. விட்டுவிடுவார்கள் என்பது மட்டும் பிடிபட்டது. டீச்சர் வழியில் விழுந்து காலை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று மாரியாத்தாவை அழுதுகொண்டே வேண்டினேன்.

ஆத்தாள் காதில் விழவில்லை போலிருக்கிறது. டீச்சர் இரண்டு காலோடும் வந்து சேர்ந்தார். அப்பா கரும்பு வெட்டப் போனவர் இன்னும் திரும்பவில்லை. டீச்சர் புகார் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு நடத்திய பாடம்தான், உங்களுக்கும் ஒரு தடவை செய்து பார்க்கிறேனே என்று பையிலிருந்து அதே இறகை எடுத்தார். நான் பொய்யைத் தயாராக வைத்திருந்தேன், என்னை யாரும் கேட்கவில்லை. அம்மா மறுக்கத் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

வலது கையில் தொட்டார். அம்மா சரியாகக் காட்டினாள். இடது தோளருகே தொட்டார். அதையும் காட்டினாள். முந்தானையை விலக்கி மணிக்கட்டில் தொட்டபோது அம்மா பேசவில்லை. சொல்லும்மா, சொல்லும்மா என்று எனக்குள்ளேயே கத்தினேன். கொஞ்சம் தாமதமாக, "இங்கதாங்க" என்று அம்மா மணிக்கட்டைக் காட்டினாள். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு டீச்சர் இறகை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"தெரியுதுங்க" என்றாள் அம்மா.

டீச்சர் அசையவில்லை.

"இப்பவும் தெரியுதுங்க. நல்லாத் தெரியுதுங்க."

டீச்சர் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். "இதுக்கு மாத்திரை இருக்கும்மா. சாப்பிட்டா சரியாயிடும். நீங்க எங்கேயும் போக வேண்டாம். வீட்டுக்காரர் வரட்டும், நானே பேசறேன்." அதன் பிறகுதான் அம்மா கண்ணைத் திறந்தாள். திறந்ததும் சத்தம்போட்டு அழுதாள்.

டீச்சர் சொன்னபடியே நடந்தது. கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு அம்மா குணமானாள், எங்களோடுதான் இருந்தாள். அதெல்லாம் பின்னால். அன்று எனக்குத் தெரிந்தது, டீச்சர் தொட்ட இடத்தையெல்லாம் அம்மா சொல்லிவிட்டாள் என்பதுதான். தொடாதபோதுகூட விடாமல் சொன்னாள். எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் அந்தத் திறமை கிடையாது. அம்மா ஜெயித்துவிட்டாள், இனிமேல் யாரும் அவளைக் கரைக்குக் கொண்டுபோக முடியாது என்று என் பயமெல்லாம் போய்விட்டது. இவ்வளவு நன்றாகச் சொன்னவள் எதற்காக இப்படி அழுகிறாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.