அழாத பிள்ளைக்காக நான் சொன்ன ஸ்தோத்திரம்

ஆண்டவருக்குள் பிரியமான சகோதரிகளே, இதை அழுதுகொண்டேதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சித்திரையில் என் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். காலையில் மகளுக்குச் சட்டை போட்டுவிட்டு பைக்கை எடுத்தவர், மதியம் ஆம்புலன்ஸில்தான் வீடு வந்தார். மகள் பிளெஸ்ஸிக்கு அப்போது இரண்டு வயதுகூட முடியவில்லை. எனக்கு அம்மா இல்லை. மாமியார் படுத்த படுக்கை. சங்கரன்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. ஆனால் பிள்ளையை யாரிடம் விடுவது? அந்தக் கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு காப்பகங்களைப் போய்ப் பார்த்தேன். திருவேங்கடம் சாலையில் இருந்தது சாதாரண ஓட்டு வீடு. வாசலிலேயே காது கிழிகிற இரைச்சல். ஒரு பிள்ளை அழுகிறது, ஒன்று தரையில் தண்ணீரைக் கொட்டிக் கும்மாளம் போடுகிறது. மற்றது பஸ் ஸ்டாண்டு பக்கம். சுவரெல்லாம் படம், ஏசி, ஆயாக்களுக்குப் பச்சைக் கோட்டு. பிள்ளைகளின் சத்தமே வெளியே கேட்கவில்லை. சுத்தம் கெட்டுவிடும் என்று தாய்மாரைக்கூட கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்கள். நடத்துகிற மேடமே வந்து பிள்ளையை வாங்கிக்கொள்வார். அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போயிற்று. சாவு வீட்டிலிருந்து போகிறவளுக்கு வேறு என்ன பிடிக்கும்?

அங்கே சேர்த்த புதிதில் பிளெஸ்ஸி "அப்பா, அப்பா" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு கதறினாள். சில நாட்களில் அழுகை நின்றுவிட்டது. சாயங்காலம் சமத்தாகத் தோளில் சாய்ந்துகொண்டு வருவாள். சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, "ஆண்டவர் என் பிள்ளையின் துக்கத்தை மாற்றிவிட்டார்" என்று சாட்சி சொன்னேன். எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

ஆனி கழிவதற்குள் பிள்ளை வாடிவிட்டாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே தூங்கினாள். பேசிக்கொண்டிருந்தவள் பேச்சைக் குறைத்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக்கூட நேரமாயிற்று. டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவு என்று டானிக் எழுதினார். அப்பாவைத் தேடித்தான் இப்படி ஆகிறாளோ என்று பயந்தேன். அவரைப் பறிகொடுத்தேன், இவளையும் பறிகொடுக்க என்னால் முடியாது. முழங்கால் போட்டு ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, என் பிள்ளைக்கு என்ன செய்கிறது? என் கண்ணுக்குக் காட்டும். எனக்கு வேறு யாரும் இல்லை."

ஆடி பிறந்தது. ஊரில் தபசுத் திருவிழாக் கூட்டம். ரதவீதிப் பக்கம் வண்டி விடவில்லை. அன்று காலை எங்கள் கடைக்குப் பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்தாள். என்னை அவளுக்குத் தெரியாது. காப்பகத்தின் உள்ளேயே வேலை செய்கிறவள்.

"அக்கா, சளி மருந்து நாலு பாட்டில் தாங்க. மேடம் எப்பவும் வாங்குத கடைக்குப் போக முடியல, ஒரே கூட்டம்."

"இத்தனை பிள்ளைகளுக்கா சளி?" என்றேன்.

"சளியெல்லாம் இல்லக்கா. பிள்ளைங்க தூங்கணும்லா? ஆளுக்கு ஒரு மூடி. புதுசா ஒரு பிள்ளை வந்துருக்கு, அப்பா இல்லாத பிள்ளை. அப்பா அப்பான்னு ஒரே அழுகை. அதுக்கு மட்டும் ரெண்டு மூடி."

கையில் இருந்த பாட்டில் விழுந்து உடைந்தது. கடை அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஏதுன்னு பொறவு சொல்லும்மா. முதல்ல ஓடு" என்றார்.

அன்றைக்கு நான் கேட்டில் நிற்கவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வெயில் ஏறிய நேரத்தில் விளக்கை அணைத்து, பிள்ளைகளைப் பாயில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். என் மகள் கடைசியில் கிடந்தாள். தூக்கினேன், தலை தொங்கியது. உயிர் இருக்கிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தேன்.

மேடம் சத்தம் போடவில்லை. "பிள்ளை இப்பம் அழவே மாட்டேங்கான்னு நீங்கதான சந்தோசப்பட்டிய?" என்றார். சகோதரிகளே, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் காப்பாற்றினார்கள். மற்ற தாய்மாரோடு போய்ப் புகார் கொடுத்தேன். அந்த இடத்தை மூடினார்கள். பிளெஸ்ஸி இப்போது திருவேங்கடம் சாலை வீட்டில் இருக்கிறாள். அங்கே நடத்துகிற அக்கா, "எப்ப வேணாலும் உள்ள வாங்க. அழுதா அழட்டும், மடியில வச்சுக்கிடுதேன்" என்றார். அவ்வளவு கூட்டத்திலும் அந்தப் பெண்ணை என் கடைக்குக் கொண்டுவந்தவர் ஆண்டவர்தான். இதை யார் எப்படிச் சொன்னாலும் நான் மாற்றிச் சொல்லமாட்டேன்.

பிள்ளையை எங்கே விடலாம் என்று ஜெபிக்கிறவர்களே, ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானத்தில் உள்ளே போய்ப் பாருங்கள். கேட்டால் அவர் காட்டுவார். காட்டுவது நெஞ்சை அறுப்பதாக இருந்தாலும் காட்டுவார். அவரை நம்புங்கள்.

ஆஸ்பத்திரியில் அந்த மருந்தின் மயக்கம் முழுக்கத் தெளிந்த அன்று சாயங்காலம், பிளெஸ்ஸி கண்ணை நன்றாகத் திறந்து வாசலைப் பார்த்தாள். "அப்பா எங்கம்மா?" என்றாள். இனி வரமாட்டார் என்று முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் போனபிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.