மாமாவின் முழங்காலும் என் மொழிபெயர்ப்பும்

என் மாமா டென்மார்க்கில் பந்து விளையாடியவர். அம்மாவின் கடைசித் தம்பி. ஊரிலிருந்து அகதியாகப் போய், அங்கே ஒரு சின்ன நகரத்துக் கழகத்தில் எட்டு வருடம் நடுக்கள ஆட்டக்காரராக நின்றவர். கோல் அடிப்பது அவர் வேலையில்லை. அடிக்கிறவனின் காலடிக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். தொண்ணூறுகளின் நடுவில் அவர் ரொறன்ரோ வந்து எங்கள் வீட்டுச் சோபாவில் படுக்கத் தொடங்கியதுமே ஊர்ச் சங்கத்துக்காரர் கேக் பெட்டியோடு வந்துவிட்டார்கள். கோடையில் ஊருக்கு ஊர் மோதும் உதைபந்தாட்டம் இருந்தது. மூன்று வருடமாகப் பக்கத்து ஊர்க்காரரிடம் தோற்ற வெட்கம் அவர்களுக்கு.

இறுதியாட்டத்துக்கு முந்திய கிழமை மாமாவின் முழங்கால் வீங்கிப் பளபளத்தது. அம்மா ஒரே பிடியாக நின்றார்.

"டொக்டர் ஓமெண்டாத்தான் நீ விளையாடுவாய். உன்ர கதையை நான் நம்பமாட்டன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, அவள் வந்து சொல்லட்டும்."

"எனக்கு டெனிஷ்தானே அக்கா ஓடும். இங்கிலீசுக்கு ஆள் வேணும்தான்" என்றார் மாமா.

அந்த நாளில் எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். வங்கியோ ஆஸ்பத்திரியோ, பெரியவர்களுக்கு வாய் பிள்ளைகள்தான். எனக்குப் பன்னிரண்டு வயது. தமிழ்ப் படிப்பு ஊரிலேயே ஐந்தாம் வகுப்போடு நின்றுபோயிருந்தது. யாராவது முகத்தைப் பார்த்தாலே நாக்கு உள்ளே போய்விடும்.

டொக்டர் மாமாவின் காலை மடக்கி நீட்டினார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இனி இவர் விளையாடவே கூடாது, இன்னொருதரம் பிசகினால் ஓட்டம் அதோடு சரி என்று என்னிடம் ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மாமா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னவாம்?" என்றார்.

அந்த முகத்துக்கு என்னால் சொல்ல முடியவில்லை.

"ஐஸ் வைக்கட்டாம். பிறகு விளையாடலாமாம்."

மாமா என் தலையில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அம்மாவிடமும் நான் அதையே ஒப்புவித்தேன். அதிகம் திறக்காத வாய் என்பதால் அம்மா நம்பினார்.

இறுதியாட்டத்தில் மாமா இருபது நிமிடம் நின்றார். "டென்மார்க் கிழவனுக்கு ஒரு கதிரை குடுங்கோடா!" என்று எதிர்ப்பக்கத்து அங்கிள் ஒருவர் கத்தி வாய் மூடவில்லை, மாமா இரண்டு பேருக்கு நடுவால் ஒரு பந்தைத் தள்ளினார். எங்கள் பெடியன் அதை வலைக்குள் போட்டான். எல்லோரும் துள்ளிக்கொண்டிருந்தபோது, யாரும் தொடாமலே மாமா புல்லில் விழுந்து கிடந்தார்.

வென்றோம். மாமா அதற்குப் பிறகு ஓடவேயில்லை. சங்கத்துக்காரர் அவரைக் கோச் ஆக்கினார்கள். அவர் ஊன்றுகோலோடு கோட்டுக்கு வெளியே நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் காலை முறித்தவள் நான்தான் என்று நினைத்துக்கொள்வேன். அவர் கூடத்துக்கு வந்தால் நான் குளியலறைக்குள் போய்விடுவேன்.

மூன்றாம் கிழமை ஒரு பயிற்சி ஆட்டம். நடுவர் வெள்ளைக்காரர். எங்கள் பக்கம் ஒரு பிழை பிடித்துவிட்டார். மாமா ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி அவரிடம் போய், ஒரு தட்டுத்தடங்கலும் இல்லாமல் ஆங்கிலத்தில் மளமளவென்று வாதாடினார்.

கோச் வேலை கிடைத்து மூன்றே கிழமையில் மாமா இவ்வளவு இங்கிலீஷ் படித்துவிட்டாரே என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.