கண்டக்டர் அண்ணனின் பக்கத்து நாற்காலி

பக்கவாதம் வந்த பிறகு கண்டக்டர் அண்ணனின் வாயில் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான்: "போலாம் ரைட்!" பசித்தாலும் அதுதான், தலை வலித்தாலும் அதுதான். ஒரு காலத்தில் படிக்கட்டில் தொங்கும் பையன்களை வாயாலேயே உள்ளே இழுத்துப் போட்டவர்.

எங்கள் ஆய்வு அறையில் அவரைப் போன்றவர்களின் தலையில் ஈரப் பஞ்சு வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்துவோம். அப்போது திரையில் படங்கள் வரும். அவற்றின் பெயரை அவர்கள் சொல்ல வேண்டும். மின்சாரம் பேச்சுக்கு உதவுகிறதா என்பதுதான் கேள்வி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்கு வெறும் பஞ்சு மட்டும். யாருக்கு எது என்று எனக்கே சொல்ல மாட்டார்கள். "இதுக்காம்மா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன், தலையில கரண்ட் வைக்க?" என்று அப்பா கேட்பார்.

அண்ணனின் மனைவி குச்சி போல இருப்பார். அண்ணன் வைத்த பெயரோ 'குண்டு'.

"கல்யாணமானதுலேர்ந்து அப்படித்தான் கூப்பிடுவாரு. அப்பல்லாம் எரிச்சலா வரும். இப்ப ஒரு தடவை கூப்பிட்டாப் போதும்னு இருக்கு பாப்பா" என்றார் அக்கா.

போகப் போக அண்ணனின் மதிப்பெண் ஏறியது. சீப்பு, பூனை, சாவி! நான் துள்ளிக் குதிக்காத குறை. அப்புறம்தான் கவனித்தேன். படம் வந்ததும் அவர் கண் பக்கத்து நாற்காலிக்குப் போய்வந்தது. அங்கே அக்கா சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா!"

"கோவிச்சுக்காத. அவரு முழிக்கிறதப் பாத்துக்கிட்டு கல்லு மாதிரி உக்கார முடியல."

"நீங்க சொல்லிக் குடுத்தா, அவருக்குத் தானா வருதான்னு எப்படிக்கா தெரியும்?"

"டிக்கெட் இல்லாம ஏறிட்டேன்னு எறக்கி விடுற. சரி, போறேன்." சிரிக்கப் பார்த்து, முடியாமல் வெளியே போனார்.

கதவைச் சாத்தினேன். பூனை வரவில்லை. சாவி வரவில்லை. "போலாம் ரைட்" என்றார் அண்ணன், அதுவும் ஈனசுரத்தில். நான் செய்தது விதிப்படி சரிதான். ஆனாலும் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த படம் நாற்காலி. அண்ணன் அதைப் பார்த்தார். பக்கத்தில் காலியாகக் கிடந்த நிஜ நாற்காலியைப் பார்த்தார். உதடு கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது.

"கு... குண்டு... எங்க?"

கணக்குப்படி அது தவறான பதில். பூஜ்ஜியம் என்று குறித்தேன். சொல்ல வைத்தது மின்சாரமா, அந்தக் காலி நாற்காலியா, எனக்குத் தெரியாது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

"உள்ள வாங்கக்கா. உங்களைத்தான் கூப்பிடறாரு."

"என்னையா? என்னன்னு?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மறுபடியும் குரல் வந்தது.