அந்த ஜப்பான் படம் எனக்குப் பிடிக்கவில்லை

அந்த ஜப்பான் சித்திரப் படத்தைப் பார்த்துவிட்டு மாதுங்காவில் அழாதவர்கள் இல்லை. நானும் அழுதேன். கோபத்தில் அழுதேன் என்று சொன்னபோதுதான் யாரும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி. எங்கள் கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் குழந்தைகளோடு சேர்ந்து போனோம். ஏற்பாடு செய்தது மூன்றாவது மாடி மாமி. மாமியின் கணவர் ஆபீஸில் என் கணவருக்கு மேலதிகாரி. அதனால் மாமி எங்கே கூப்பிட்டாலும் நான் போவேன். ஒன்றரை வயதுப் பிள்ளையைக் கணவரிடம் விட்டுவிட்டு, ஆறு வயது மகளை மட்டும் அழைத்துப் போனேன். படத்தில் பேச்செல்லாம் இங்கிலீஷ்.

"நீ பி.ஏ. படிச்சவளாச்சே, பக்கத்துல உக்காந்து அர்த்தம் சொல்லுடி" என்று மாமி என் கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டார். எனவே மற்றவர்கள் பார்த்த படத்தை நான் வாயாலும் சொல்லவேண்டியிருந்தது.

கடலோரத்தில் ஒரு கிராமம். வருஷா வருஷம் கடல் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. ஒரு சின்னப் பெண் தானாகவே மனம் விரும்பி இறங்கினால் கடல் அடங்கும் என்கிறார்கள் பெரியவர்கள். ஒரு பெண் நான் போகிறேன் என்கிறாள். அவளுடைய அம்மா வெள்ளை உடுப்புப் போட்டுவிட்டு அனுப்புகிறாள். அலை வந்து கொண்டுபோகிறது. கடல் அடங்கிவிடுகிறது. அலைகளை வரைந்திருந்த விதம் அற்புதம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒவ்வொரு நுரையையும் உட்கார்ந்து வரைந்திருந்தார்கள். அந்த அம்மாவின் முகத்தை வரைந்தவருக்குப் பெண் குழந்தை இருக்குமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "என்ன தியாகம்டி! இத்துனூண்டு பொண்ணு!"

"கரையில அவ்வளவு பெரியவா நின்னாளே மாமி, ஒருத்தராவது முழங்கால் தண்ணியில இறங்கினாளா?" என்றேன்.

"அவா இறங்கிட்டா அப்புறம் கதை ஏதுடி?"

பின்னால் வந்த இரண்டாவது மாடிக்காரி, "பி.ஏ. படிச்சவாளுக்கு அழுகைகூடக் கணக்குப் பாத்துத்தான் வரும்போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

வீட்டில் சொன்னால் கணவரும் அப்படித்தான். "படத்தைப் படமாப் பாரேன். பேப்பர்ல எழுதறவன்லேர்ந்து எல்லாரும் பிரமாதம்கறான். உனக்கு மட்டும் ஏன் குறுக்கே ஓடறது?"

ஒருவேளை எனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையோ என்று நினைத்தேன். படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒன்றாகப் புகழ்கிற ஒன்றில் நான் ஒருத்தி மட்டும் குறை கண்டால், குறை என்னிடம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படிச் சொல்லிச் சொல்லியே மனதை அடக்கிவைத்திருந்தேன்.

அந்த வாரம் மகள் பால் குடிப்பதை நிறுத்தினாள். வயிறு வலிக்கிறது என்றாள். ஓமத்தண்ணீர் கொடுத்தேன். மறுநாளும் வலி, அதற்கு மறுநாளும் வலி. அப்போதெல்லாம் கார்டுக்கு இத்தனை பாட்டில் என்றுதான் பூத்தில் பால் கிடைக்கும். வீட்டில் பால் பற்றாது என்பது அவளுக்கும் தெரியும். டாக்டரிடம் போகலாம் வா என்று செருப்பைப் போட்டதும் உண்மை வந்தது.

"வலியெல்லாம் இல்லேம்மா. தம்பிக்கு இருக்கட்டும்னுதான்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எப்போது அழுவேன் என்று காத்திருந்தாள். படத்தில் எல்லோரும் அழுதார்களே.

பயந்துபோய் மாமியிடம் போய்ச் சொன்னேன். யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது. மாமி குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார். "பாத்தியா! படம் பிடிக்கலைன்னியே, ஒரு படம் குழந்தையை எப்படித் திருத்தியிருக்கு பார்! என் கண்ணே, நீதாண்டி சமத்து!" சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுவதும் தெரிந்துவிட்டது. மாடிப்படியில் பார்த்தவர்களெல்லாம் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். பால் டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோக எனக்குப் பத்து நாள் போராட்டம்.

நவராத்திரி வந்தது. மாமி வீட்டுக் கொலுவில் படிகளுக்கு முன்னால் வருஷா வருஷம் ஒரு காட்சி இருக்கும். கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்தரை, கண்ணாடியைப் பதித்துக் குளம். அந்த வருஷம் ஜப்பான் கடற்கரை என்று முடிவாகியிருந்தது. கொலுவுக்கு அழைக்கப் பெண் குழந்தைகளுக்கு வேஷம் போட்டு வீடு வீடாக அனுப்புவோம் அல்லவா, ராதை, ஆண்டாள் என்று; இந்தத் தடவை ஒரு குழந்தை அந்தப் பெண்ணாகப் போய் அழைத்துவிட்டு, மாலையில் கண்ணாடிக் கடல் பக்கத்தில் நிற்கவேண்டும்.

"உன் பொண்ணை விட்டா யாருக்குடி பொருந்தும்?" என்றார் மாமி.

"வேண்டாம் மாமி. செத்துப்போற பொண்ணு வேஷம் வேண்டாம். ஆண்டாள் போடறேன்."

"ஆண்டாள் மட்டும் என்னவாம்? பெருமாளோட போய்க் கலந்துடலையா?"

 அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை விடவில்லை. ஆனாலும் வேண்டாம் என்றே சொன்னேன். மாமி குங்குமச் சிமிழை மூடினார்.

"ஒரு வேஷம்தானேடி! நாளைக்கு அவர் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்று கணவர் இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே பேசினார். மகள் ஒன்றும் கேட்கவில்லை. அழுது அடம் பிடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

வேஷம் இரண்டாவது மாடிக் குழந்தைக்குப் போயிற்று. வேஷம் போட்ட அன்று மாலை பட்டுப்பாவாடை கட்டிய மகளோடு நானும் போனேன், போகாமல் இருந்தால் அது இன்னொரு பேச்சாகும் என்று. வெள்ளைத் துணி சுற்றிய அந்தக் குழந்தை நிற்க முடியாமல் நெளிந்தது, மூக்கைச் சொறிந்தது, சுண்டல் எப்போது என்று கேட்டது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

என் மகள் என் கையை விட்டுவிட்டு அதனிடம் போனாள். "அப்படி இல்லே. நான் காட்டறேன் பாரு" என்றாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்று கைகூப்பிக் கண்ணை மூடினாள். இமைகூட அசையவில்லை. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

"சொல்லித்தராமலே எப்படி நிக்கறா பாருங்கோ!" என்றார் மாமி, என்னைப் பார்த்து.

"போதும், கண்ணைத் திற. ஆத்துக்குப் போலாம்" என்றேன்.

உதடு மட்டும் லேசாக அசைந்தது. "அவ செத்துப்போயிட்டாம்மா. எப்படித் திறப்பா?"

கூடமே சிரித்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் எதிரில் அவளை இழுக்க என்னால் முடியவில்லை. மாமி என் கையில் வெற்றிலைப் பாக்கைக் கொடுத்து, "ஊர்க் கண்ணெல்லாம் பட்டிருக்கும், போனதும் சுத்திப் போடுடி" என்றார். பிரியமாகத்தான் சொன்னார்.

அவள் கண்ணைத் திறக்கும்வரை நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.